படகு தண்ணீரை அடையும் வரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கான முன்னேற்பாடுகள் பற்றி ஆண்டுதோறும் வெளிவரும் செய்திகளில், தாழ்வான பகுதிகளுக்காக எத்தனை ரப்பர் படகுகள் தயார் நிலையில் வைக்கப்பட்டுள்ளன என்ற எண்ணிக்கை தவறாமல் இடம்பெறுகிறது. அந்தப் படகுகள் கிடங்கிலிருந்து தண்ணீர் நிற்கும் தெருமுனை வரை எப்படி வந்து சேரப்போகின்றன, வந்த பிறகு ஒரு படகு இன்னொன்றை எப்படி இழுத்துச் செல்லப்போகிறது என்பதை யாரும் கேட்பதாகவும் தெரியவில்லை, சொல்வதாகவும் தெரியவில்லை. எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் படகு 2023 டிசம்பரில் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே, ஒரு மினி லாரியின் மேல், நடுச்சாலையில் கிழிந்துபோனது. அந்த அனுபவத்தின் பேரில்தான் இந்தக் கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் சென்னைப் புறநகரில், தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பகுதியில் வசிப்பவன். டயர் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, அடையாற்றுத் தண்ணீர் எங்கள் தெருவில் முதல் மாடிப் படிக்கட்டு வரை ஏறி நின்றது. இனி யாரையும் எதிர்பார்த்து மொட்டை மாடியில் நிற்கக் கூடாது என்று, தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்கு வீடு பணம் திரட்டி, பத்தடிக்குச் சற்று மேல் நீளமுள்ள காற்றடைக்கும் படகு ஒன்றையும், படகின் பின்புறத்தில் மாட்டி ஓட்டும் 15 குதிரைத்திறன் கொண்ட பழைய அவுட்போர்டு மோட்டார் ஒன்றையும் வாங்கினோம். படகு 60 கிலோ, மோட்டார் 40 கிலோ. இரண்டையும் சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வைத்தால் அவையே முதலில் மூழ்கிவிடும் என்பதால், மேட்டுப் பகுதியில் இருந்த ஓர் உறுப்பினரின் ஷெட்டில் வைத்தோம். அதுவரை நாங்கள் யோசித்தது சரி. அங்கிருந்து எங்கள் தெரு 3 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பதையும், அந்த 3 கிலோமீட்டரை எப்படிக் கடப்பது என்பதையும் மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை.

மிக்ஜாம் புயல் ஆந்திரக் கரையைக் கடப்பதற்கு முந்தைய நாள், டிசம்பர் 4 அன்று, தண்ணீர் வாசலுக்கு வந்ததும் ஷெட்டுக்கு ஆள் அனுப்பினோம். போன இளைஞர்கள் சுறுசுறுப்பானவர்கள். தெருமுனையில் நின்று காற்றடித்துக்கொண்டிருந்தால் நேரம் வீணாகும் என்று அங்கேயே படகை முழுக்க நிரப்பி, மோட்டாரையும் பின்பலகையில் மாட்டி, அப்படியே தூக்கி ஒரு மினி லாரியில் ஏற்றி, இரண்டு பக்கமும் நைலான் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். லாரியின் தளத்தில் பலகைகளைப் பூட்டிய போல்ட்டு ஒன்றின் தலை விரல் உயரத்துக்குத் துருத்திக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. வேகத்தடை ஒவ்வொன்றிலும் லாரி குதிக்க, படகு அந்த போல்ட்டின் மேல் முன்னும் பின்னுமாக அரைபட்டுக்கொண்டே வந்திருக்கிறது. இறக்கிப் பார்த்தபோது அடிப்புறத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். அதோடு, பின்பலகை வலப்பக்கக் காற்றுக்குழாயோடு ஒட்டியிருந்த இடத்தில் பசை விட்டு வாயைப் பிளந்திருந்தது. இத்தகைய துணியை ஒட்டும் இருகலவைப் பசை முழுப் பிடிமானம் பெற ஏறத்தாழ ஒரு நாள் காய வேண்டும், ஒட்டும் இடமும் உலர்ந்திருக்க வேண்டும். கொட்டுகிற மழையில் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் ஒட்டிய ஒட்டு, படகைத் தண்ணீரில் இறக்கிய கால் மணி நேரத்தில் உரிந்து மிதந்தது.

இந்தப் படகுகளைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இவற்றின் வலிமை முழுவதும் காற்றில் இருக்கிறது என்பதும், அந்தக் காற்றின் அளவு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு என்பதும்தான். பஞ்சர் கடையில் நாம் பேசுகிற கணக்கிலேயே சொல்கிறேன்: கார் டயருக்கு 30 முதல் 35 பவுண்டு காற்று பிடிக்கிறோம், இந்தப் படகின் பக்கக் குழாய்களுக்கு 3 பவுண்டை ஒட்டித்தான் பிடிக்க வேண்டும். சரியான அளவு படகிலேயே, வால்வுக்கு அருகில், பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். அவசரத்தில் படகைப் பஞ்சர் கடைக்கு எடுத்துப்போய் கம்ப்ரஸர் குழாயைச் செருகுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். டயருக்கான அந்தக் காற்று சில நொடிகளில் தையலையும் ஒட்டையும் பிரித்துவிடும். காரின் பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் பம்பில் முக்கால் பங்கை நிரப்பிவிட்டு, மீதியை மிதி பம்பில் காலால் மிதித்து முடிப்பதே பாதுகாப்பானது. அதிலும் குழாயின் உள்ளே தடுத்துப் பிரித்த அறைகளில் ஓர் அறையை முழுக்க நிரப்பிவிட்டு அடுத்த அறைக்குப் போகக் கூடாது; எல்லா அறைகளையும் பாதிப் பாதியாக நிரப்பி, பிறகு ஒவ்வொன்றையும் முழுமையாக்க வேண்டும். அறைகளுக்கு இடையிலுள்ள உள்தடுப்பு ஒருபக்க அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதில்லை.

இதில் வெயிலின் வேலையும் உண்டு. மழை ஓய்ந்த மறுநாள் சுள்ளென்று வெயில் அடிப்பது நம் ஊரில் வழக்கம். காலையில் 30 டிகிரி வெப்பத்தில் 3 பவுண்டு நிரப்பிய கறுப்புப் படகு, லாரியின் மேல் வெயிலில் கிடந்து உள்ளே இருக்கும் காற்று 55 டிகிரியை எட்டிவிட்டால், அழுத்தம் கிட்டத்தட்ட நாலரை பவுண்டுக்கு ஏறிவிடும். அதாவது யாரும் பம்பைத் தொடாமலேயே ஒன்றரை மடங்கு. நிரம்பிய படகின் மேல், லாரியில் சுமையை இறுக்கிக் கட்டும் ராட்செட் பெல்ட்டைப் போட்டு இறுக்கியிருந்தால், உப்பும் குழாயை அந்தப் பெல்ட்டின் விளிம்பு அறுக்கத் தொடங்கும். இதற்கு நேர்மாறாக, சூடான சாலையில் நிரப்பிய படகு குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் தொய்ந்துவிடும். இறக்கி ஐந்து நிமிடம் கழித்து ஒருமுறை அழுத்திப் பார்த்து, குறைந்த காற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் காற்றளவைப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் தொழிற்சாலையில் புதிதாகச் சேரும் பையனுக்கும் தெரிந்த விஷயம். படகும் அதே ரப்பர் குடும்பம்தானே என்று அன்று எனக்கே தோன்றாமல் போனது இன்றுவரை உறுத்துகிறது.

ஆகவே, சாலையில் கொண்டுபோவதற்கு என் முதல் பரிந்துரை, படகைக் காற்றிறக்கி, சுருட்டி, அதன் பையில் போட்டு எடுத்துச் செல்வது. மிதி பம்பாக இருந்தாலும் இரண்டு பேர் மாற்றி மாற்றி மிதித்தால் கால் மணி, இருபது நிமிடத்தில் படகு தயாராகிவிடும். நிரப்பிய படகை ஏற்றி, கட்டி, ஊர்ந்து வந்து இறக்குவதற்கு ஆகும் நேரம் அதைவிடக் குறைவில்லை. சுருட்டும்போது தளத்தின் அலுமினியப் பலகைகளையும் துடுப்புகளையும் தனியாக எடுத்து வேறு சாக்கில் கட்ட வேண்டும். அவற்றை உள்ளே வைத்துச் சுருட்டினால், சாலையின் ஒவ்வொரு குலுக்கலிலும் பலகையின் மூலை துணியைக் குத்திக்கொண்டே வரும். அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியன் போன்ற பயிற்சி பெற்ற படையினர் தொலைதூரப் பயணத்துக்குப் பெரும்பாலும் இப்படிச் சுருட்டித்தான் கொண்டுபோகிறார்கள். அதே 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்து தாமிரபரணிக் கரையெல்லாம் வெள்ளக்காடானபோது, அரக்கோணத்திலிருந்து தூத்துக்குடிப் பக்கம் போவதென்றால் சுமார் 600 கிலோமீட்டர் சாலைப் பயணம். நிரப்பிய படகு ஒன்று அத்தனை தூரம் லாரியின் மேல் காற்றில் படபடத்துக்கொண்டு போய்ச் சேருவதை நினைத்தும் பார்க்க முடியாது.

கடைசி ஓரிரு கிலோமீட்டருக்கு நிரப்பிய படகைத்தான் கொண்டுபோக வேண்டும் என்ற நிலையும் வரலாம். நின்று காற்றடிக்க மேடான இடமே இல்லாத தெருக்கள் எங்கள் பக்கம் பல உண்டு. அப்படியானால் லாரியின் தளத்தைக் கையால் தடவிப் பார்த்து, ஆணி, போல்ட்டு, பக்கக் கதவின் கொக்கி ஆகியவற்றின் மேல் பழைய டயரையோ மணல் மூட்டையையோ வைத்து, அதன் மேல் இரண்டடுக்குச் சாக்கு விரித்துப் படகை ஏற்ற வேண்டும். கயிற்றை அல்லது பெல்ட்டைக் காற்றுக்குழாயைச் சுற்றி இறுக்காமல், படகின் முன்னும் பின்னும் உள்ள டி வடிவ வளையங்களில் கட்டி நான்கு மூலைக்கும் இழுக்க வேண்டும். பெல்ட் குழாயின் மேல் போவதைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் மடித்த தார்ப்பாயையோ பழைய கால்மிதியையோ இடையில் வைக்கலாம். வெறும் படகு பெரிய பட்டம் போன்றது. மேம்பாலத்தின் மேல் வீசும் குறுக்குக்காற்று அதைத் தூக்கிப் பின்னால் வருகிற இருசக்கர வாகனத்தின் மேல் எறிந்துவிடும் என்பதால், 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக ஓட்டுநரை விடக் கூடாது. படகின் முன்பக்கம் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது சட்டத்துக்கும் புறம்பானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் இப்படி நீட்டிக்கொண்டிருக்கும் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். வெள்ள நாளில் எந்தக் காவலரும் மீட்புப் படகை நிறுத்தி அபராதம் எழுதப்போவதில்லை. ஆனால், ஒத்திகை நாளில் எழுதலாம், எழுதுவதும் நியாயமே.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். லாரியின் மேல் ஏற்றிய படகுக்குள் இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் ஏறி உட்கார்ந்துகொண்டு, கையசைத்தபடி வெள்ளப் பகுதிக்குப் போவதை 2015-லும் பார்த்தேன், 2023-லும் பார்த்தேன். படகு நழுவாமல் இருக்க ஆள் கனம் வேண்டும் என்று அதற்கொரு காரணமும் சொல்கிறார்கள். நம் தெருக்களின் குறுக்கே கேபிள் டி.வி. வயர்களும், அவற்றுக்குச் சற்று மேலே மின்கம்பிகளும் எந்த உயரத்தில் தொங்குகின்றன என்பது எல்லோரும் அறிந்ததே. புயல் அடித்த மறுநாள் அவை இன்னும் தாழ்ந்திருக்கும். லாரித் தளத்தின் உயரத்தோடு படகின் உயரமும், அதன் விளிம்பில் உட்கார்ந்திருப்பவரின் உயரமும் சேர்ந்தால் அந்த வயர் சரியாகக் கழுத்துக்கு வருகிறது. படகுக்குள் ஆள் ஏறும் இடம் தண்ணீர், லாரியில் அல்ல.

மோட்டாரைப் பற்றி. எங்கள் பின்பலகை பிளந்துகொண்டதற்குக் காரணம், அந்த 40 கிலோ மோட்டாரைப் பலகையிலேயே மாட்டியபடி பயணம் செய்தது. பலகை இரண்டு குழாய்களுக்கு நடுவே பசையால் நிற்பது. தண்ணீரில் மோட்டார் படகை முன்னோக்கித் தள்ளும் விசையைத் தாங்கவே அது செய்யப்பட்டிருக்கிறது. சாலையிலோ மோட்டாரைச் சாய்த்து வைத்திருப்பதால் அதன் கனம் பலகைக்கு வெளியே நெம்புகோலாகத் தொங்குகிறது, ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தக் கனம் பல மடங்காகிப் பலகையைப் பின்னுக்கு நெம்புகிறது. மோட்டாரைக் கழற்றித் தனியாக, பழைய மெத்தையின் மேல் வைத்துக் கொண்டுபோவதைத் தவிர வேறு வழியில்லை. படுக்கவைக்கும்போது இயந்திரத்தலை மேடாகவும் விசிறிப்பக்கம் பள்ளமாகவும் இருக்க வேண்டும். ஓடி முடித்த மோட்டாரைச் செங்குத்தாக நிறுத்தி, உள்ளே தங்கிய தண்ணீர் வடிந்த பிறகே படுக்கவைக்க வேண்டும். இல்லையேல் அந்தத் தண்ணீர் புகைக்குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் போய்விடும். நான்கு ஸ்ட்ரோக் மோட்டாராக இருந்தால் எந்தப் பக்கம் கீழே வர வேண்டும் என்று அதன் மேலேயே குறித்திருப்பார்கள். மாற்றிப் படுக்கவைத்தால் எண்ணெய் இடம் மாறிவிடும். பெட்ரோல் கேனை மூடிய வேனுக்குள் மின்பம்புக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

டிரெய்லரில் வைத்து ஜீப்பின் பின்னால் இழுத்துச் செல்லும் வழக்கம் நம் ஊரில் குறைவு என்றாலும், கடற்கரையோரச் சுற்றுலா விடுதிகளும் சில தன்னார்வக் குழுக்களும் அதை இப்போது தொடங்கியிருக்கின்றன என்பதால் சுருக்கமாகச் சில சொற்கள். டிரெய்லரும் சட்டப்படி ஒரு வாகனம்தான். அதைத் தனியே பதிவு செய்ய வேண்டும். பட்டறையில் பற்றவைத்த வெறும் சட்டத்தில் இரண்டு ஸ்கூட்டர் சக்கரங்களை மாட்டி வெளியே கொண்டுவருவது ஆபத்து. மொத்தக் கனத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, இழுக்கும் வண்டியின் கொக்கியின் மேல் அழுந்தும்படி படகை முன்னுக்குத் தள்ளி வைக்க வேண்டும். மோட்டாரும் பெட்ரோல் தொட்டியும் பின்னாலேயே இருந்து கனம் பின்னுக்குப் போய்விட்டால், வேகம் கூடியதும் டிரெய்லர் பாம்பு போல் வளைந்து ஆடத் தொடங்கும். ஆட்டம் கண்டபின் பிரேக்கை ஓங்கி அழுத்துவது அதை இன்னும் மோசமாக்கும், மெல்ல ஆக்சிலரேட்டரை விடுவதே நல்லது. கொக்கி கழன்றாலும் தரையில் குத்தாமல் தாங்கிக்கொள்ள, அதன் அடியில் இரண்டு சங்கிலிகள் பெருக்கல் குறி போலக் குறுக்காகப் போக வேண்டும். படகு உட்காரும் இடத்தில் உருளைகளைவிட மெத்தை வைத்த நீளப் பலகைகளே காற்றுப் படகுக்கு ஏற்றவை. தண்ணீரில் இறக்குவதற்கு முன் சற்று நேரம் நிறுத்திவைப்பது வீண் அல்ல: ஓடிச் சூடேறிய சக்கரக் குடம் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் மூழ்கினால், உள்ளே சுருங்கும் காற்று தண்ணீரை உறிஞ்சி பேரிங்குக்குள் இழுத்துக்கொள்ளும். அது அன்றைக்குத் தெரியாது. அடுத்த மாதம் நெடுஞ்சாலையில் சக்கரம் இறுகி நிற்கும்போது தெரியும்.

தண்ணீரில் ஒரு படகை இன்னொரு படகு இழுப்பது பற்றி நான் கற்றுக்கொண்டதெல்லாம் ஒரு மீனவரிடம். டிசம்பர் 5 அன்று, கோவளம் பக்கத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த ஃபைபர் படகோடு அவரும் இன்னும் மூன்று பேரும் எங்கள் பகுதிக்கு வந்திருந்தார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரள மீனவர்கள் இப்படித்தான் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் போன்ற ஊர்களுக்குப் போனார்கள் என்று படித்திருக்கிறேன். நேரில் பார்த்தது அன்றுதான். லாரியிலிருந்து படகை இறக்கியபோது அடியில் அவர்கள் விரித்திருந்த பழைய டயர்களையும் மணல் மூட்டைகளையும் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்து நகர்க்காரர்களின் காற்றுப் படகு, மோட்டார் ஸ்டார்ட் ஆகாமல் தெரு நடுவே நான்கு பேருடன் நின்றுவிட்டது. (அந்த மோட்டாரையும் தலைகீழாகச் சாய்த்துத்தான் ஆட்டோவில் கொண்டுவந்திருந்தார்கள்.) அதை இழுத்துவரச் சொன்னோம். எங்கள் பையன் ஒருவன் ஓடிப்போய், அந்தப் படகின் பக்கத்தில் இருந்த கைப்பிடியில் கயிற்றைக் கட்டினான். மீனவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்வதற்குள் ஃபைபர் படகு நகர்ந்துவிட்டது; கைப்பிடி ஒட்டோடு பிய்ந்து வந்தது, கூடவே உள்ளங்கை அகலத்துக்குக் குழாயின் மேல்தோலும் உரிந்தது. "சார், இது ஆள் புடிச்சுக்கிறதுக்கு வெச்ச புடி சார், படக இழுக்கறதுக்கு வெச்சதில்ல" என்றார் அவர், கோபமே இல்லாமல்.

பிறகு அவர் செய்ததை அருகிலிருந்து பார்த்தேன். படகின் முன்பக்கத்தில், மீனவர்கள் அணியம் என்று சொல்லும் இடத்தில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பக்கத்துக்கு ஒன்றாக இருந்த இரண்டு வளையங்களிலும் ஒரே கயிற்றின் இரு முனைகளைக் கட்டினார். நடுவில் ஒரு சுருக்கு வைத்து, இழுக்கும் கயிற்றை அந்தச் சுருக்கில் கோத்தார். பார்ப்பதற்குக் கவட்டை போல் இருந்தது. இதனால் இழுவை இரண்டு பக்கத்துக்கும் சமமாகப் பிரிந்து, ஒரே வளையத்தின் மேல் விழாமல் போகிறது. படகும் இடமும் வலமுமாகத் திமிறாமல் பின்னாலேயே வருகிறது. தன் படகில் அந்தக் கயிற்றை அவர் முடிச்சுப் போட்டுக் கட்டவேயில்லை. கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி முனையைக் கையில் பிடித்துக்கொள்ள ஓர் ஆளை உட்காரவைத்தார். பின்னால் வருவது எதிலாவது சிக்கினால் அந்த ஆள் விட்டுவிடலாம். அவருடைய கயிறு தண்ணீரில் மிதக்கும் வகை என்பதால் விசிறியில் மாட்டுவது குறைவு. என்றாலும் வேகம் குறைக்கும்போதெல்லாம் தொய்வைக் கையால் இழுத்துச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அந்த ஆளிடம் இரண்டு முறை சொன்னார்.

நான்கு பேரையும் குழாயின் மேலிருந்து இறங்கித் தரையில், நடுவுக்குச் சற்றுப் பின்னால் உட்காரச் சொன்னார். முன்பக்கம் கனமாக இருந்தால், இழுக்கும்போது படகு மூக்கைத் தண்ணீருக்குள் நுழைத்துவிடும். நின்ற மோட்டாரைத் தூக்கிச் சாய்க்கச் சொன்னார். பிறகு நடக்கிற வேகத்தில்தான் இழுத்தார். கரையில் நின்ற எங்களுக்குப் பொறுமை போனது. ஆனால், தண்ணீரில் வேகத்தை இரட்டிப்பாக்கினால் இழுவிசை ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்ற கணக்கை அவர் கையால் தெரிந்துவைத்திருந்தார், நான் புத்தகத்தில் மட்டும் படித்திருந்தேன். தெரு திரும்பும் இடத்தில் பின்னால் இழுத்தால் படகு மதில்மேல் போய் மோதும் என்று, அங்கே நிறுத்தி, காற்றுப் படகைத் தன் படகின் விலாவோடு முன்னும் பின்னும் இரண்டு கயிற்றில் அணைத்துக் கட்டி, ஒரே படகு போலத் திருப்பினார். வெறும் படகை இழுப்பதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும் என்றும் சொன்னார்: உள்ளே கனமில்லாத காற்றுப் படகை ஒரு பலத்த காற்று அப்படியே கவிழ்த்துப் போட்டுவிடும், கவிழ்ந்ததை இழுத்தால் வளையம்தான் கையோடு வரும்.

மோட்டாரோ வேறு படகோ இல்லாமல், இடுப்பளவுத் தண்ணீரில் ஆட்களே படகைக் கயிற்றால் இழுத்துச் செல்வதுதான் நம் தெருக்களில் பெரும்பாலும் நடப்பது. இதற்கு ஒரு பயிற்சியும் தேவையில்லை என்று எல்லோரும் நினைக்கிறோம். கயிற்றை இடுப்பிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொண்டு இழுப்பவர்கள், படகை நீரோட்டம் பறித்துக்கொண்டால் தாங்களும் அதோடு போவார்கள். கயிறு எப்போதும் கையில் மட்டும், விட்டுவிடக்கூடியதாக இருக்க வேண்டும். முன்னால் ஒருவர் மூங்கில் கழியால் தரையைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். திறந்த மழைநீர் வடிகாலும், மூடி மிதந்துபோன பாதாளச் சாக்கடையும் அந்தக் கலங்கல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. நிறுத்திவைத்து மூழ்கிய இருசக்கர வாகனத்தின் பிரேக் லிவர், மதில்மேல் பதித்த கண்ணாடிச் சில்லு, காலிமனையின் முள்வேலி, இரும்புக் கதவின் ஈட்டிமுனை ஆகிய நான்கும்தான் எங்கள் பகுதியில் படகுகளைக் கிழித்தவை. எனவே மதில் ஓரத்தைத் தவிர்த்துச் சாலையின் நடுவிலேயே போவது நல்லது. குறுக்குத் தெரு வந்து சேரும் இடத்தில் பக்கவாட்டில் வரும் ஓட்டம் படகைத் திருப்பும் என்பதை எதிர்பார்த்து, படகின் பின்னாலும் ஒரு கயிறு கட்டி இருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓட்டம் போகும் திசையில், படகுக்கும் மதிலுக்கும் நடுவே மட்டும் யாரும் நிற்கவே கூடாது. ஐந்து பேர் உட்கார்ந்த படகை நீரோட்டம் ஓர் ஆளின் மேல் சாய்த்து அழுத்தினால் அவரை விடுவிக்க முடியாது.

இவ்வளவையும் எழுதியது, அதிகாரிகளையும் எங்களைப் போன்ற சங்கங்களையும் சில காரியங்கள் செய்யும்படி கேட்டுக்கொள்வதற்காக. ஐப்பசி பிறப்பதற்கு முன், படகு வைத்திருக்கும் ஒவ்வோர் இடத்திலிருந்தும் அது போக வேண்டிய தெரு வரை ஒருமுறை உண்மையாகவே ஏற்றி, இறக்கி, நிரப்பி, இழுத்துப் பார்க்க வேண்டும். ஏரிக்கரையில் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வதை ஒத்திகை என்று கொள்ள முடியாது. ஒவ்வொரு படகோடும் அதன் பையிலேயே மிதி பம்பும், அழுத்தமானியும், கவட்டையாக முன்கூட்டியே கட்டிவைத்த இழுவைக் கயிறும், ஒரு கத்தியும், இரண்டு சாக்குகளும் இருக்க வேண்டும். எங்கள் படகின் பம்பு ஒரு வீட்டிலும் துடுப்பு இன்னொரு வீட்டிலும் இருந்தன என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். படகு இறக்குவதற்கு ஏற்ற மேடான இடம் எது, லாரி எந்த வழியாக அங்கே வர முடியும், அந்த வழியில் வயர்கள் எங்கே தாழ்ந்து தொங்குகின்றன என்பதை வார்டு வாரியாகக் குறித்து, வயர்களை உயர்த்திக் கட்ட வேண்டும். கடலோர மீனவர்களுக்கு வெள்ளம் வந்தபின் தகவல் அனுப்பி, முடிந்தபின் சால்வை போர்த்துவதோடு நிறுத்தாமல், மழைக்கு முன்பே அவர்களை அழைத்து, உரிய கூலி கொடுத்து, தன்னார்வலர்களுக்கு இரண்டு மணி நேரம் கயிறு கட்டக் கற்றுக்கொடுக்கச் செய்யலாம்.

எங்கள் சங்கத்தில் இதைத் தொடங்கிவிட்டோம். கிழிந்த படகை வெயில் காலத்தில் முறையாக ஒட்டி, பின்பலகையையும் மாற்றி, இப்போது சுருட்டி, எலி ஏறாதபடி உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். சென்ற ஞாயிற்றுக்கிழமை ஷெட்டிலிருந்து எங்கள் தெருமுனை வரை கொண்டுவந்து, காற்றடித்து, மோட்டார் மாட்டி முடிக்க 52 நிமிடங்கள் ஆயின. அதில் 19 நிமிடங்கள், மினி லாரியின் சாவி வைத்திருந்தவரைத் தேடியதில் போனவை. அடுத்த ஒத்திகைக்கு முன் இரண்டாவது சாவி ஒன்றை வெட்டிப் படகுப் பையில் போட்டுவைக்க முடிவு செய்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
முடிச்சூர்.